கோட்டுக்கு உள்ளே அண்ணி இல்லை

அந்த இறுதி ஆட்டம் நடந்தது தீபாவளிக்கு இரண்டு ஞாயிறு முந்தி. ஒரு ஞாயிறுதான் முந்தி என்று எங்கள் அணியில் பாதிப் பேர் இன்றும் சாதிக்கிறார்கள். நான் விடுவதில்லை. ஒரு ஞாயிறு என்றால் எல்லார் வீட்டிலும் முறுக்கு சுட்டு டின்னில் அடைத்து முடிந்திருக்கும். அன்று வேனில் யார் வீட்டு முறுக்கும் வரவில்லை. மாவு அரைக்கக் கொடுத்த பேச்சுதான் வந்தது. ஆகவே இரண்டு ஞாயிறு. நாள் கிழமையில் எனக்கு இந்தப் பிடிவாதம் சின்ன வயதிலிருந்தே உண்டு. எப்போது நடந்தது என்பதை இறுக்கிப் பிடித்துக்கொண்டால், என்ன நடந்தது என்பதும் அதிகம் நழுவாமல் நிற்கிறது.

லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பெண்கள் வலைப்பந்து அணிக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். தோட்டத்து அணி என்று பெயரே தவிர, தோட்ட வேலை செய்கிறவர்கள் அதில் இரண்டு பேர்தான். மற்றவர்கள் நீலாய் தொழிற்சாலைகளுக்கும் சிரம்பான் கடைகளுக்கும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவர்கள். நானும் அப்படித்தான்; பகலில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் கோவில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் திடலில் விசில் ஊதுவேன்.

வலைப்பந்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அதில் பந்தோடு ஓட முடியாது. பிடித்தவர் நின்ற இடத்திலிருந்து மூன்று விநாடிக்குள் இன்னொருவருக்குப் போட்டாக வேண்டும். தாமதித்தால் நடுவர் விசில் ஊதிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார். அதனால் பாதி ஆட்டம் வாயில் இருக்கிறது. ‘இங்கே இருக்கிறேன், போடு’ என்று கத்தாதவளுக்குப் பந்து வராது. ஒவ்வொருவரும் சட்டைக்கு மேல் ஆங்கில எழுத்து போட்ட துணி ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். அவர் எந்த இடத்து ஆள் என்பதை அந்த எழுத்து காட்டும். வளையத்துக்குக் கீழே நின்று கோல் போடுகிறவள் ஜி.எஸ். அவளுக்குப் பந்து கொண்டுவந்து கொடுத்து, வாய்த்தால் தானும் கோல் போடுகிறவள் ஜி.ஏ.

எங்கள் ஜி.ஏ.தான் அணியின் கேப்டன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். இந்த அணியை உண்டாக்கியதே அவள்தான். வீடு வீடாகப் போய், புருஷன்மாரைச் சமாளித்து, ஆள் சேர்த்தாள். ஜி.எஸ். அவளுடைய தம்பி மனைவி; கேப்டனை ‘அண்ணி’ என்று கூப்பிடுகிறவள். பகாவ் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், பள்ளிக்கூடத்தில் மாவட்டத்துக்கு ஆடியவள். அவள் முதல் நாள் போட்ட பந்து வளையத்தின் இரும்பைத் தொடாமல் உள்ளே இறங்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னொன்று போடச் சொன்னேன். அதுவும் அப்படியே இறங்கியது. அன்று ராத்திரி என் கணவரிடம் நான் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை; பாவம், அவர் செய்தி பார்க்க முயன்றுகொண்டிருந்தார்.

சி ரூசா பக்கத்துத் திடலில் வருஷா வருஷம் நடக்கும் தோட்டப் பெண்கள் போட்டிக்கு, இந்த முறை மாநிலப் பயிற்சிக் குழுவின் தேர்வாளர்கள் வரப்போகிறார்கள் என்ற செய்தி ஆடி மாதத்தில் வந்தது. வயது வரம்புப்படி ஜி.எஸ்.ஸுக்கு இது கடைசி வருஷம். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள், வலையை மடித்து வைத்துக்கொண்டே.

“மாநிலச் சட்டைய ஒரு வாட்டி போட்டுப் பாக்கணும்க்கா. ஒரே ஒரு வாட்டி.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து என் தூக்கம் போனது.

ஏனென்றால், பயிற்சியில் இரும்பைத் தொடாமல் கோல் போடுகிறவள் ஆட்டம் என்று வந்தால் ஊமையாகிவிடுவாள். வளையத்துக்கு நேர் கீழே, ஆள் இல்லாத இடத்தில் நிற்பாள். வாய் திறக்க மாட்டாள். கேப்டன் பந்தைப் பிடித்து, இவள் சத்தம் கேட்காமல், தூரத்திலிருந்து தானே வளையத்தைப் பார்த்துப் போடுவாள். பாதி வெளியே போகும். தப்பித் தவறிப் பந்து இவள் கைக்கு வந்தால், இவள் அதை மரியாதையாகக் கேப்டனுக்கே திருப்பிக் கொடுப்பாள்.

நான் பயம் என்று முடிவு கட்டினேன். சிரம்பான் நூலகத்திலிருந்து விளையாட்டு மனோதத்துவப் புத்தகங்களாக அள்ளிக்கொண்டு வந்தேன். எனக்குப் புத்தகம் என்றால் கண் மண் தெரியாது. ஆட்டக்காரர்கள் கண்ணை மூடி அமைதியான ஓர் இடத்தைக் கற்பனை செய்ய வேண்டும் என்று ஒன்றில் போட்டிருந்தது. எல்லாரையும் திடலில் வட்டமாக உட்கார வைத்தேன்.

“கண்ண மூடுங்க. ஒரு கடற்கரைய நெனச்சுக்குங்க. காத்து அடிக்குது.”

“எந்தக் கடற்கரைக்கா?” என்றாள் சென்டர். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறவள், நடு ஆட்டக்காரி. அவள் வாய்க்கு எங்கள் அணியே பயப்படும்.

“எதுவோ ஒண்ணு. போர்டிக்சன்னு வெச்சுக்க.”

“போர்டிக்சனா? சண்டேல பார்க்கிங் கெடைக்காதே லா. எங்கூட்டுக்காரரு இப்பவே திட்டுறது காதுல விழுது.”

அமைதி அன்றோடு முடிந்தது.

உண்மை தெரிந்தது ஒரு வியாழக்கிழமை. பாசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தை கூடும் நாள் என்பதால் பயிற்சிக்குப் பாதிப் பேர் வரவில்லை. கேப்டனுக்கும் தொழிற்சாலையில் ஓவர்டைம். இருந்தவர்களை வைத்து ஆட விட்டேன். அன்று ஜி.எஸ். திடலைக் கிழித்தாள்! “ஏய் சென்டர், இங்க!” “பின்னாடி பாரு!” “போடு, போடு, போடு!” மண்டபத்துக் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. அடித்த பந்தெல்லாம் உள்ளே. நான் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றேன்.

முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“இந்தச் சத்தத்த இத்தன நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்த?”

அவள் தண்ணீர் போத்தலைத் திருகித் திருகி மூடினாள். “அண்ணி இல்லல்லக்கா இன்னிக்கு.”

“அண்ணிக்கு ஏன் பயம்? அவ உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாளே.”

“பயம் இல்லக்கா. அண்ணியப் பாத்து ‘போடு’ன்னு எப்படிக்கா கத்துறது? வூட்டுக்குப் போயி ஒரே சட்டியில சோறு எடுக்கணும்.”

“சரி, ‘அண்ணி, இங்க போடுங்க’ன்னு சொல்லு.”

“சொல்லிப் பாருங்களேன். அதுக்குள்ள நடுவர் விசில் ஊதிட்டாரு.”

சொல்லிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

இதில் எனக்கு ஒரு புதுமையும் இல்லை. நானும் என் புருஷனின் அக்காவை ஒருமையில் கூப்பிட்டதில்லை, கனவில்கூட இல்லை. எங்கள் அணியின் உறவு வரிசையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அக்கா, சின்னம்மா, அண்ணி, மாமி என்று எல்லார் வாயிலும் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற அணிகள் கத்திக்கொண்டிருக்கும்போது நாங்கள் விருந்துக்கு அழைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாளே சட்டம் போட்டேன். திடலைச் சுற்றிப் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே உறவு கிடையாது. எழுத்துதான் பெயர். ‘ங்க’ கிடையாது. மறந்து அண்ணி, அக்கா என்கிறவள் திடலை ஒரு சுற்று ஓட வேண்டும்.

முதல் நாள் எல்லாரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஓடும்போதே, “மன்னிச்சுக்குங்க சின்னம்மா” என்று சொல்லி அதற்கு இன்னொரு சுற்று ஓடினாள் ஒருத்தி. கேப்டனுக்கு ஒரே கொண்டாட்டம். “ஏ ஜி.எஸ்., வாயத் தொற! என்னைய ஜி.ஏ.ன்னு கூப்புடு பாப்போம்!” ஜி.எஸ். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, “ஜி.ஏ., போடு!” என்று கத்தினாள். பந்து வந்தது. உள்ளே போட்டாள். திடலே கை தட்டியது.

ஓர் ஆள் மட்டும் தட்டவில்லை. கேப்டனின் அம்மா, அதாவது ஜி.எஸ்.ஸின் மாமியார், தினமும் சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் பிளாஸ்கில் தேநீருமாக வந்து உட்காருகிறவர். அன்று எழுந்தார், நாற்காலியை மடக்கிக் கையில் எடுத்தார், வீட்டுக்குப் போனார். ஜி.எஸ்.ஸும் தன் எழுத்துத் துணியைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

பயிற்சியாளர் வேலையைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் மாமியார் என்று ஓர் அத்தியாயம் இல்லை. என்னைப்போல் அடுத்த வரிசையிலேயே குடியிருந்துகொண்டு பயிற்சி கொடுக்கிறவளுக்கு விசில் ஊதுவது கடைசி வேலை. ஒருத்தியைப் பாராட்டினால் வாட்சாப் குழுவில் இன்னொருத்தி காலை வணக்கப் பூ போடுவதை நிறுத்திவிடுவாள். வேனில் யார் பக்கத்தில் யார் என்பதை நான் முதல் நாளே யோசித்து வைக்க வேண்டும். திட்டுவதற்கு முன்னால், இவள் வீட்டுக் கிண்ணம் நம் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தும் சொல்கிறேன், இந்த வேலையில் இருக்கும் போதை எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

சனிக்கிழமை காலை அந்த மாமியாரைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா கோச்சு. பசியாறியாச்சா?”

“ஆச்சு ஆன்ட்டி. நேத்து விஷயமா…”

“ஒரு பந்துக்காக மரியாதய கொறைக்கணுமா? நான் கேக்குறேன்.”

“கொறைக்கல ஆன்ட்டி. உள்ள நிக்கிற நேரம் மட்டும் கழட்டி வெக்கிறோம். கோவிலுக்குள்ள போறப்போ செருப்பக் கழட்டுற மாதிரி.”

“செருப்பும் மரியாதையும் ஒண்ணா ஒனக்கு?”

தவறான உவமை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து கேப்டன் குரல் கொடுத்தாள். “யம்மா, என்னைய ஒருமையில கூப்புட்டா எனக்கு என்ன தேஞ்சா போவுது? தொழிற்சாலையில பங்களாதேஷ்காரன் கூப்புடுறான், அவனைய கேட்டியா நீ?”

“நீ சும்மா கெட.” வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “அந்தக் கோடு. எங்கருக்கு அது? எனக்குக் கண்ணுக்கே தெரியலியே.”

உண்மைதான். பூப்பந்து ஆடிய காலத்துக் கோடு, தேய்ந்து போயிருந்தது.

“புதுசா பெயிண்ட் அடிங்க. உள்ள நின்னா எழுத்து சொல்லட்டும், ‘போடு’ன்னு சொல்லட்டும். வெளிய கால் வெச்சா பழயபடி அண்ணி. அப்பறம் ஒண்ணு. ‘டி’ போடக் கூடாது. உள்ளயும் சரி, வெளியயும் சரி. என் மகளப் பாத்து ‘டி’ போட்டுச்சு, அன்னியோட நெட்பால் முடிஞ்சுது.”

ஞாயிற்றுக்கிழமை கோடு அடித்தோம். திங்கட்கிழமை அவர் நாற்காலியோடு திரும்பி வந்து, கோட்டை ஒட்டினாற்போல் போட்டு உட்கார்ந்தார். அதிலிருந்து எங்கள் சட்டத்துக்கு அவர்தான் போலீஸ். வெளியே உருண்ட பந்தை எடுக்கப் போன ஜி.எஸ். அவசரத்தில், “ஜி.ஏ., பிடி!” என்றால் போதும். “ஏய்! கால் எங்க இருக்கு பாரு!” என்பார். அவள் கீழே பார்த்து, ஒரு கால் எடுத்து உள்ளே வைத்து, திரும்பக் கத்துவாள். இப்படியே புரட்டாசி முழுவதும் போனது. ஜி.எஸ்.ஸின் குரல் நாளுக்கு நாள் ஏறியது. வலைக்குப் பக்கத்தில் நின்றால் காது அடைக்கும்.

இனி அந்த ஞாயிறு.

சி ரூசா திடலில் காலையிலிருந்தே வெயில் கொளுத்தியது. புல்தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தார்கள். முதல் ஆட்டம் வென்றோம். அரையிறுதியில் ஜி.எஸ். கத்திய கத்தலுக்குப் பக்கத்துத் திடலில் ஆடியவர்கள் பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். தேர்வாளர்கள் இரண்டு பேர், மலாய்க்காரப் பெண்கள், வேறு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறுதி ஆட்டத்துக்குத்தான் எங்கள் பக்கம் வருவார்கள் என்று தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்தது. வானத்தைக் கவிழ்த்துக் கொட்டுகிற மழை. எல்லாரும் கூடாரத்துக்குள் நெருக்கி நின்றோம். விட்டபோது திடலில் சுண்ணாம்பு இருந்த தடமே இல்லை. பால் கலந்த தண்ணீர் மாதிரி புல்லில் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்பாட்டாளர்கள் சுற்றிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகளை இடைவெளி விட்டு வைத்தார்கள். வெயில் மறுபடி அடித்தது. புல் ஓரளவு காயும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் இறுதி ஆட்டத்துக்கு அழைத்தார்கள். இந்த வரிசையை நான் தெளிவாகச் சொல்லி வைக்கக் காரணம் இருக்கிறது.

எதிரணி சிரம்பான் பக்கத்துத் தாமான் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்தது. உயரமான பெண்கள். மாமியார் ஒரு சிவப்பு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால், கூம்பை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். தேர்வாளர்கள் அவருக்கு நாலு அடி தள்ளி நின்றார்கள்.

ஆட்டம் தொடங்கியது. ஜி.எஸ். வாய் திறக்கவில்லை.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவள் அடிக்கடி தரையைப் பார்ப்பதைக் கவனித்தேன். கோட்டைத் தேடினாள். இரண்டு கூம்புகளுக்கு நடுவில் எது உள்ளே, எது வெளியே? அவளை மறைத்து நின்ற வெள்ளைக் கோடு கரைந்து போய்விட்டது. எதிரே மாமியார் இருந்தார், பக்கத்தில் அண்ணி இருந்தாள். கேப்டன் தூரத்திலிருந்து போட்டாள், வெளியே போனது. திரும்பவும் போட்டாள், திரும்பவும் வெளியே. தேர்வாளர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இடைவேளையில் இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம். ஆரஞ்சுச் சுளைகளைக் கொடுத்துவிட்டு நான் ஜி.எஸ்.ஸை நோக்கி நடந்தேன். மனதுக்குள் படித்ததெல்லாம் வரிசை கட்டி நின்றது. கேப்டன் என் கையைப் பிடித்தாள்.

“கோச்சு, நீ அவகிட்ட ஒண்ணும் பேசாத.”

“அவ ஒறஞ்சு போய் நிக்கிறா, பாத்தியா?”

“பாத்தேன். நீ பேசுனா இன்னும் ஒறைவா. வுடு, நான் பாத்துக்கறேன்.”

பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். பேசவில்லை.

இரண்டாம் பாதி. கேப்டன் பந்தைப் பிடித்தாள். வளையத்தைப் பார்க்கவில்லை. ஜி.எஸ்.ஸைப் பார்த்தபடி, பந்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். ஜி.எஸ். கைகளை நீட்டினாள், சத்தம் இல்லை. கேப்டன் போடவில்லை. விசில்! பந்து எதிரணிக்குப் போனது. அவர்கள் கோல் அடித்தார்கள்.

“என்னா லா, பந்த வெச்சுக்கிட்டு கொழுக்கட்டையா புடிக்கிற?” என்று சென்டர் அலறினாள்.

சிறிது நேரத்தில் மறுபடி கேப்டன் கையில் பந்து. மறுபடி நின்றாள். மறுபடி விசில். எங்கள் ஊர்க்காரர்களே கத்த ஆரம்பித்தார்கள். நான் என் விசிலைக் கடித்தேன். பல் தடம் இன்னும் அதில் இருக்கிறது. இறுதி ஆட்டத்தையே தூக்கி எறிகிறாள் என்று எனக்குப் புரிந்தது. எதற்காக என்றும் புரிந்தது.

மூன்றாவது முறை. பந்து கேப்டன் கையில். எதிரணிக்காரி முகத்துக்கு முன்னால் கையை விரித்து நிற்கிறாள். கேப்டன் அசையவில்லை. நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறார். ஜி.எஸ். தரையைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், கேப்டனைப் பார்த்தாள்.

“போடுடி!”

திடல் முழுவதும் கேட்டது. திடலுக்கு அப்பால் கடற்கரைச் சாலையில் போன கார்க்காரர்களுக்கும் கேட்டிருக்கும். கேப்டன் சிரித்துக்கொண்டே வீசினாள். ஜி.எஸ். துள்ளிப் பிடித்தாள், போட்டாள். இரும்பைத் தொடாமல் இறங்கியது.

அப்புறம் என்ன! மடை திறந்ததுபோல் ஆகிவிட்டது. “ஜி.ஏ., இங்க!” “மேல போடு!” “சுத்தி வா, சுத்தி வா!” அவள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பந்து போனது, போன பந்தெல்லாம் வளையத்துக்குள் விழுந்தது. நான் எப்போது செருப்பைக் கழற்றினேன் என்று தெரியவில்லை. ஈரப் புல்லில் வெறுங்காலோடு குதித்துக்கொண்டிருந்தேன். சென்டரின் இரண்டு பிள்ளைகளும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து குதித்தார்கள். கடைசி விசில் ஊதியபோது ஒரே ஒரு கோலில் தோற்றிருந்தோம்.

தோற்றவர்கள் அழ வேண்டும். எங்களில் யாரும் அழவில்லை. தேர்வாளர் ஒருவர் நேராக என்னிடம் வந்தார். “ஜி.எஸ். இத்து, உமுர் பெராப்பா?” வயது என்ன என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை சிரம்பானில் பயிற்சிக்கு வரச் சொன்னார்.

ஜி.எஸ். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். சந்தோஷம் என்று தேர்வாளர் நினைத்திருப்பார். மாமியார் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

வேனில் யாரும் பாடவில்லை. ஜி.எஸ். ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கேப்டன் கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“ரெண்டு தடவ வேணும்னு பந்த வுட்ட,” என்று சென்டர் அவளைக் குத்தினாள். “கப்பு போச்சு.”

“கப்பு அடுத்த வருசமும் வைப்பாங்க. இவ வயசு நிக்குமா?” என்றாள் கேப்டன்.

லுக்குட் தாண்டும்போது பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

“ஏம்மா கோச்சு.”

“சொல்லுங்க ஆன்ட்டி.”

“கடைசி ஆட்டத்துல அந்தப் புள்ள என்னமோ கத்துச்சாம்ல. ஆளாளுக்குச் சொல்றாங்க.”

என் முன்னால் ஜி.எஸ்.ஸின் தோள்கள் இறுகின.

“அடிச்ச மழையில எனக்கு ஒண்ணும் காதுல விழல,” என்றார் மாமியார்.

மழை விட்டு, வெயில் அடித்து, புல் காய்ந்த பிறகுதான் அந்த ஆட்டம் தொடங்கியது என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. நேரம் தப்பாகச் சொல்கிறவர்களை நான் எங்கேயும் விட்டுவைத்ததில்லை.

“ஆமா ஆன்ட்டி,” என்றேன். “நல்ல மழை.”

“இடி வேற,” என்றாள் சென்டர்.

“மின்னல்,” என்றாள் கேப்டன்.

வேனில் இருந்த ஒவ்வொருத்தியும் அந்த மழைக்குக் கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். ஜி.எஸ். மட்டும் திரும்பிப் பார்க்காமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

“செவ்வாக்கெழம எத்தன மணிக்கு அங்க இருக்கணும்?” மாமியார் கேட்டார்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு, அத்தை.” ஜன்னலைப் பார்த்தபடியே வந்தது பதில்.

“அப்ப முறுக்கு வேலைய திங்கக்கெழமையே முடிச்சிரணும். அண்ணியக் கேளு, மாவு எப்ப வருதுன்னு.”

ஜி.எஸ். திரும்பினாள். முகமெல்லாம் ஈரம்.

“அண்ணி,” என்றாள், “மாவு எப்பங்க வருது?”